சோறு இறங்கவில்லை என்று அவள் சொன்னபோது

தனக்குச் சோறு இறங்கவில்லை என்று என் மனைவி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். நோய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கோபத்துக்குப் பதிலாக நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் செய்த தவறு இதுதான். எழுபத்து நான்கு வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பொருளில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு இரண்டு பொருள் உண்டு. வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ, பிள்ளை பரீட்சையில் தோற்றாலோ, கூடப் பிறந்தவர்களோடு பேச்சு நின்றுபோனாலோ ‘சோறு எறங்க மாட்டேங்குது’ என்பார்கள். கேட்கிறவர்கள் யாரும் தொண்டையைப் பற்றி விசாரிப்பதில்லை. மனசைத் தேற்றிக்கொள் என்பார்கள். நான் உத்தமபாளையத்தை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு விலங்கியல் நடத்தியவன். உணவுக்குழாயையும் இரைப்பையையும் புத்தகத்தைப் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன். என் காதிலும் அந்தப் பேச்சு மனசைப் பற்றியதாகத்தான் விழுந்தது. அப்படி விழுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த ஆவணியில் அவளுடைய ஒரே தம்பியின் மகனுக்குக் கல்யாணம். தம்பி கடமலைக்குண்டில் விவசாயம் பார்க்கிறவர். பத்திரிகை வைக்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் ஓய்வூதிய வேலையாகக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். அவருக்குக் கம்பம் வரைக்கும் இன்னும் பல வீடுகள் பாக்கி. பத்திரிகைத் தட்டை அக்கா கையில் கொடுத்து, மச்சான் வந்தால் சொல்லு என்று கிளம்பிவிட்டார். சாயங்காலம் எனக்குப் போன் போட்டும் அழைத்தார். எங்கள் வழக்கப்படி அக்காளையும் அவள் புருஷனையும் சேர்த்து நிறுத்தி, இருவர் கையிலும் தட்டைக் கொடுக்க வேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆம்பளை இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போன பத்திரிகைக்கு நான் வர மாட்டேன், நீயும் போகக் கூடாது என்றேன்.

மாப்பிள்ளைக்கு அவள் சொந்த அத்தை. அத்தை நின்று செய்ய வேண்டிய முறையைத் தம்பியின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி செய்தாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

முகூர்த்தத்தன்று அவள் வழக்கம்போல் சமைத்தாள். மத்தியானம் நான் சாப்பிட்டு எழுந்து, கை துடைக்கத் துண்டு தேடி அடுப்படிக்குள் போனபோது, தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்ன, சாப்பிடலையா?”

“எறங்க மாட்டேங்குது.”

“எப்பிடி எறங்கும்? கடமலைக்குண்டுப் பந்தியில உக்காந்தாத்தான் எறங்கும்.”

“நெசமாத்தாங்க சொல்றேன். இங்கன நிக்குது” என்று நடு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

“நெஞ்சுல நிக்கும்ல. தம்பி பாசம்னா சும்மாவா?”

அவள் சொம்புத் தண்ணீரை எடுத்து மடக்கு மடக்காகக் குடித்தாள். அந்தத் தண்ணீரை அவள் எவ்வளவு சிரமப்பட்டுக் குடித்தாள் என்பது இப்போது நினைத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு போய்ப் படுத்தேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி ஐயா தெரியாமல் போகும் என்று கேட்கலாம். சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகு நான் மாலை நேரங்களை நண்பர் ஒருவரின் உரக்கடையில் பேசிக் கழித்தேன். வீடு திரும்ப ஒன்பதரை, பத்து ஆகும். நான் சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விடுவேன். அவள் அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டு, ஏனம் கழுவிவிட்டு வந்து படுப்பாள். அந்த முகூர்த்த நாளைத் தவிர, அவள் தட்டில் என்ன இருந்தது என்று நாற்பத்தைந்து வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. பகலில் மிக்ஸி ஓடும் சத்தம் அடிக்கடி கேட்கும். சட்னி என்று நினைத்தேன். சோற்றை ரசத்தோடு சேர்த்து அரைத்துக் குடித்திருக்கிறாள். கை வளையல்கள் முழங்கைப் பக்கம் ஏறி இறங்குவதையும் கண்டேன். விரதம் அதிகம் இருக்கிறாள், வீம்பு என்று எண்ணினேன்.

தைப் பொங்கல் கழிந்து நான்காம் நாள். அடுத்த வீட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பரிமாறிவிட்டு அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். எனக்குள் என்ன புகுந்ததோ, நில் என்றேன்.

“இன்னைக்கு ஏ முன்னாடி உக்காந்து சாப்பிடு. அஞ்சு மாசமா நடக்குற நாடகத்த நானும் பாக்குறேன்.”

“வேணாங்க. நா அப்புறமாக் கஞ்சி குடிச்சுக்கிறேன்.”

“அதெல்லாம் இல்ல. உக்காரு.”

உட்கார்ந்தாள். அவள் தட்டில் நானே கறித் துண்டு எடுத்து வைத்தேன். முதல் வாயை வெகுநேரம் மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது வாயில் முகம் மாறியது. எழுந்து கை கழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி வரவில்லை. எச்சில் மட்டும் நூலாக இறங்கியது. தண்ணீரை நீட்டினேன். குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. அப்போதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நடிக்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

மாரடைப்பு என்றுதான் பயந்தேன். ஆட்டோ பிடித்து உத்தமபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். இருதயத்தில் கோளாறு இல்லை, ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, குழாய் விட்டுப் பார்க்கிற மருத்துவர் தேனியில்தான் இருக்கிறார், உடனே போங்கள் என்றார்கள். வாடகைக் கார் ஏறினோம். தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், ஒரு எவர்சில்வர் டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிய லாரிகள் வழியை மறித்து நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். டம்ளர் நிறைந்ததும் கண்ணாடியை இறக்கி நான் வெளியே ஊற்றினேன். வீரபாண்டி தாண்டும்போது எனக்குள் ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. இளைத்துப்போனாள், சாப்பாடு இறங்கவில்லை, வயது அறுபத்தெட்டு. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த அறிகுறிகள். புற்று.

தேனியில் அந்த மருத்துவர் நாற்பது வயதுக்குள் இருந்த ஒரு பெண். அதிகம் பேசவில்லை. எண்டோஸ்கோபி போட்டுக் கறித் துண்டை எடுத்தார். பிறகு எங்களை உட்கார வைத்துத் திரையில் படத்தைக் காட்டினார். உணவுக்குழாயின் அடிப்பாகம் சுண்டு விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு மேலே சிவந்த கோடுகளாகப் புண்.

“பல வருசமா அமிலம் மேல ஏறி ஏறிப் புண்ணாகி, ஆறி, தழும்பு விழுந்த மாதிரி இருக்கு. ஆனா வேற எதுவும் இல்லைன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன். சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கேன்” என்றவர், அவளைப் பார்த்து, “எத்தனை நாளாம்மா இறங்கலை?” என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். “ஆவணியில இருந்து டாக்டர். ஒரு கல்யாண விஷயமா வீட்டுல கொஞ்சம் மனவருத்தம்.”

“சார், கறி அடைச்சது உங்களுக்கா, அவங்களுக்கா?”

நான் நாற்காலியில் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“வைகாசில இருந்து” என்றாள் என் மனைவி. குழாய் விட்டதில் குரல் கம்மியிருந்தது. “மொதல்ல சப்பாத்தி நின்னுச்சு. பெறகு சோறு. இப்ப இட்லிகூடத் தண்ணி ஊத்துனாத்தான் போகுது.”

வைகாசி. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு. பத்திரிகையே அச்சடிக்காத காலம். நான் எதைக் கோபம் என்று நினைத்தேனோ அதற்கு அப்போது காரணமே பிறந்திருக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அவள் என்னிடம் சொல்லாமலா இருந்திருப்பாள்? காதில் வாங்கியதாகவே எனக்கு நினைவில்லை.

“அதுக்கு முன்னாடி எரிச்சல் இருந்துச்சா?”

“பதினஞ்சு வருசமா இருக்கு. நெஞ்சு கரிக்கும். குனிஞ்சு கூட்டுனா எதுக்களிக்கும், புளிச்ச தண்ணியாத் தொண்டைக்கு வரும். இவுக சோடா வாங்கியாந்து குடுப்பாக. ஒரு ஏப்பம் வரும், செத்த நேரம் நல்லாருக்கும்.”

“ஏப்பத்தோட அமிலமும் சேர்ந்துதான் மேல வரும். சரி, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?”

“இவுக சாப்பிட்டப்பெறகு.”

“அது எத்தனை மணி?”

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். “பத்து, பத்தரை ஆயிரும்.”

“சாப்பிட்டுட்டு?”

“படுத்துருவேன். வெள்ளன எந்திரிக்கணும்ல.”

“வேற மாத்திரை ஏதாவது?”

“முட்டி வலிக்கு ஒண்ணு. பழைய அட்டையக் காட்டி மருந்துக்கடையில இவுகதான் வாங்கியாருவாக. படுக்கையில ஒரு மடக்குத் தண்ணில போட்டுக்குவேன்.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். வலி மாத்திரையே வயிற்றுக்கு ஆகாது, அதைச் சொட்டுத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கும் என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தபோது பாவாடை நாடாவின் இறுக்கத்தையும் கவனித்துவிட்டார். “இவ்வளவு இறுக்கினா வயித்துல இருக்கிறதை மேல தள்ளத்தான் செய்யும்.”

“இறுக்காட்டி சேல நிக்காதே ஆத்தா” என்றாள் அவள். மருத்துவர் அப்போதுதான் முதல்முறை சிரித்தார்.

இன்னொன்றும் கேட்டார். இந்தச் சில மாதங்களாக நெஞ்செரிச்சல் குறைந்திருக்குமே என்று. ஆமாம் என்றாள். வழி சுருங்கச் சுருங்கச் சிலருக்கு அப்படிக் குறையுமாம். சோடா கேட்பதை அவள் விட்டதும், நோய் தானாகப் போய்விட்டது என்று உரக்கடையில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த அறையில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அவளிடம் கேட்டவை. ஒவ்வொரு பதிலிலும் நான் இருந்தேன்.

பயாப்ஸி முடிவுக்கு ஒன்பது நாள் ஆனது. அதுவரை கஞ்சி, மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். நானே வடிகட்டினேன். அவள் வாங்கிக் குடித்தாள். இரண்டு பேரும் அந்த நோயின் பெயரை உச்சரிக்கவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

“புத்துன்னு வந்துருச்சுன்னா ஏந் தம்பிக்கு நீங்க சொல்லாதீக. நாஞ் சொல்லிக்கிறேன்.”

“அப்பிடியெல்லாம் வராது.”

“வராதுன்னு நீங்க சொன்னா வராமப் போயிருமா?”

அன்று நான் உரக்கடைக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

ஒன்பதாம் நாள் தேனிக்குப் போனோம். வெளியே இரும்பு நாற்காலியில் காத்திருந்தபோது அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கூப்பிட்டார்கள். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “புற்று இல்லை” என்று முதலில் சொன்னார். பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார். அவள் நிதானமாக உட்கார்ந்து, “அப்ப எனக்கு எறங்குமா?” என்றுதான் கேட்டாள்.

இறங்கும், ஆனால் ஒரே நாளில் அல்ல என்றார். சுருங்கிய இடத்தைப் பலூன் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை ஆகலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி கழித்துச் சாப்பிட வேண்டும். எரியும்போது மட்டும் போட்டுக்கொள்வதில் பயனில்லை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் விட்டால் வழி மறுபடியும் சுருங்கும். மறுபடியும் அடைத்தால், கறுப்பாக வெளிக்குப் போனால், ரத்தம் வாந்தி எடுத்தால், ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். முதலில் நான்கு தலையணை அடுக்கினேன். அது இடுப்பை மடக்கி வயிற்றை அழுத்தும் என்று மருத்துவர் சொல்ல, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். வலி மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். முட்டிக்கு வேறு வழி பார்க்க எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். காலைக் காபியை அவளாகவே பாதியாக்கினாள். மாலை ஆறரைக்கு இரண்டு தட்டு வைத்தேன். முதல் நாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டாம் நாளும் போனாள். நான்காம் நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து என் பக்கத்தில் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை பலூன் வைத்த பிறகு, குழைத்த சோறு அரைக்காமலே இறங்கியது.

அது எனக்குப் போதவில்லை. பத்திரிகை விஷயத்தையும் சரிக்கட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் சொல்லாமல் ஒரு நாள் காலை தேனி போய், அங்கிருந்து கடமலைக்குண்டு பஸ் ஏறினேன். தம்பி களத்தில் இலவங்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வாங்க மச்சான். அக்கா வரலையா?”

நின்ற நிலையிலேயே சொன்னேன். கல்யாணத்துக்கு வராதது என் திமிர், அவளை வரவிடாமல் செய்தது நான், அவளுக்கு உடம்புக்கு இன்னது வந்தது, அதை வீம்பு என்று நினைத்தவனும் நான். எல்லாவற்றையும் சொன்னேன். காபி வந்தது. அவர் அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“அஞ்சாறு மாசமா அக்கா போன் எடுக்கல மச்சான். எடுத்தாலும் ‘நல்லாருக்கேன்’னு வச்சிரும். நாங்கூடக் கோவம்னுதான் நெனச்சேன். நீங்க இம்புட்டுத் தூரம் வந்து சொல்லிட்டீக. ஆனா மச்சான், இத அக்கா வாயால கேக்கணும்யா நானு.”

வீடு திரும்பி அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு இட்லியை விண்டுகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

“என்னென்ன சொன்னீக?”

“எல்லாம் சொல்லிட்டேன்.”

“கறி தொண்டையில நின்னதையுமா? நா எச்சியத் துப்பிக்கிட்டுக் காருல வந்ததையுமா?”

“மறைக்காம எல்லாத்தையும்.”

“நாஞ் சொல்லிக்கிறேன்னு சொன்னேன்ல. ஏந் தம்பிகிட்ட ஏங் கஷ்டத்தச் சொல்றதுக்குக்கூட நீங்கதான் வேணுமா? எறங்கலைன்னப்ப அதுக்கும் நீங்களே ஒரு அர்த்தம் சொன்னீக. இப்ப எறங்குது, இதுக்கும் நீங்களே போயிப் பேசிட்டு வந்துட்டீக.”

புற்று என்றால் சொல்லாதே என்றுதானே சொன்னாய் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். அவள் சொன்னது அந்த ஒரு நோயைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்கே புரிந்தது.

மூன்றாவது தடவை பலூன் வைக்கிற நாளில் அவள் தம்பி நேராகத் தேனிக்கு வந்துவிட்டார். அவள்தான் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் அறைக்குள் தம்பியோடு போனாள். நான் வெளியே மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். முடிந்து வந்ததும், கொஞ்ச நாள் அங்கன இருந்துட்டு வர்றேன் என்றாள். கேட்கும் குரலில் சொல்லவில்லை, தெரிவிக்கும் குரலில் சொன்னாள். சரி என்றேன். மாற்றுச் சேலைகளை முந்தின நாளே பையில் எடுத்து வைத்திருக்கிறாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஆறரைக்கு நான் மட்டும் சாப்பிட்டேன். ஏழு மணிக்குத் தம்பிக்குப் போன் செய்தேன். மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாடு விளக்கு வைத்த உடனே, கட்டில் கால்களுக்குச் செங்கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.

“செங்கல் வச்சாச்சு மச்சான்” என்றார் அவர். “வந்து எறங்குனதும் அக்காவே மொத வேலையா நின்னு வைக்கச் சொல்லிருச்சு. மாத்திரைச் சங்கதியையும் ஏம் மருமகளக் கூப்பிட்டு அதுவே சொல்லிருச்சு. ரெண்டு தோசை சாப்பிட்டுட்டு இப்ப வாசல்ல நடந்துக்கிட்டு இருக்கு. குடுக்கவா?”

வேண்டாம், நடக்கட்டும் என்றேன். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.